அந்தப் பழைய ட்யூப்களையும் எடுத்துப் போங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோட்டில் சின்ன மெஸ் நடத்துகிறேன். இரண்டு வருஷமாக விரல்களில் அரிப்பு. தோல் உரிந்து வெடிக்கிறது. எக்ஸிமா என்றார்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கின ட்யூபைத் தடவினால் பத்து நாள் அடங்கும், மறுபடி வந்துவிடும். வருகிற புதன்கிழமை தோல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். போன தடவை ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன், நினைத்துப் போனது எதையும் சொல்லவில்லை. இந்தத் தடவை எப்படித் தயாராவது?

பதில்: வெடித்த விரலோடு உப்பும் புளியும் மிளகாயும் தொட்டுச் சமைப்பது எவ்வளவு எரியும் என்று தெரியும், சகோதரி. ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அது போதும், வீட்டிலேயே கொஞ்சம் வேலையை முடித்துவிட்டால்.

முதலில் அந்த ட்யூப்கள். இரண்டு வருஷமாகத் தடவினது எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். பிதுக்கித் தீர்ந்ததையும் தூக்கிப் போடாதீர்கள், நாட்டு மருந்து எண்ணெயையும் விட்டுவிடாதீர்கள். கடையில் கேட்டதும் எடுத்துத் தருகிற களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்திருக்கும். டாக்டர் சீட்டே இல்லாமல் இதை விற்பதில் எனக்குக் கோபம்தான். தடவினதும் அரிப்பு அடங்குவது பெரும்பாலும் அந்த ஸ்டீராய்டால். ஒருவேளை உங்களுக்கு வந்திருப்பது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அதன் உருவத்தையே மாற்றி டாக்டரையும் குழப்பிவிடும். அப்போது தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் திட்டுவாரோ என்று பயந்து மறைக்க வேண்டாம். எதை, எத்தனை நாள் தடவினீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

அடுத்து, இன்று ராத்திரி கடை கட்டினதும் இரண்டு கைகளையும் விளக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள். பூண்டு உரிக்கும்போது இடது கையால் பிடித்து வலது கையால் உரிப்பீர்கள், இல்லையா? இடது கையின் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் அதிகமாக வெடித்திருந்தால் பூண்டு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மோதிரத்துக்கு அடியிலும் விரல் இடுக்கிலும் என்றால் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் அங்கே தேங்குகிறதா என்று யோசியுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறது என்றால் அது சிரங்காகவும் இருக்கலாம், அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை கை நனைகிறது, லீவு விட்டு ஊருக்குப் போன நாட்களில் குறைந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிகமாக இருக்கிற நாளில் போனில் படம் எடுத்து வையுங்கள். புதன்கிழமை பார்த்து கை நன்றாக இருந்து தொலைத்தால் அந்தப் படம்தான் பேசும். அன்று காலை கையில் களிம்பு, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். இந்த வாரம் மருதாணியும் வேண்டாம்.

ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உண்டா, சர்க்கரை, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, இவற்றையும் சொல்லுங்கள். எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கிற பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் விடுவார்கள். பிறகும் ஓரிரு தடவை போய்க் காட்ட வேண்டும். அதுவரை முதுகு நனையக் கூடாது, மெஸ்ஸுக்கு ஆள் ஏற்பாடு செய்து வையுங்கள்.

நடுவில் சீழ் பிடித்தாலோ, கை வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ புதன்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, உட்கார்ந்ததும் மேஜைமேல் வையுங்கள். எவ்வளவு தடவ வேண்டும், எத்தனை நாள், எப்படி நிறுத்துவது, அடங்கின பிறகு என்ன தடவுவது, எந்தக் கையுறை போடலாம். பதிலை அங்கேயே, அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.