அப்பத்தாவின் குரல் கணினியில் ஏன் சன்னமாகப் பதிவாகிறது?

கேள்வி: எண்பது வயதைக் கடந்த என் அப்பத்தா பாடும் தாலாட்டுகளை வீட்டுக் கணினியில் ஆடாசிட்டி மென்பொருள் மூலம் பதிவு செய்து வருகிறேன். கைப்பேசிக்கென வாங்கிய காலர் மைக்கைக் கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகியிருக்கிறேன். விண்டோஸில் மைக்கின் அளவை 100இல் வைத்தும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறது. பிறகு கூட்டினால் இரைச்சல்தான் பெரிதாகிறது. மலேசியாவில் இருக்கும் அண்ணனுடன் வீடியோ காலில் பேசி முடித்தால் அந்த அளவும் தானாகக் குறைந்துவிடுகிறது. வேறு மைக் வாங்க வேண்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆடாசிட்டியில் பதிவின் அளவைக் காட்டும் பட்டையைப் பார்த்துக்கொண்டே, காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பட்டை துள்ளி எழவில்லை என்றால், கணினி கேட்டுக்கொண்டிருப்பது அந்த மைக்கை அன்று. வெப்கேமரா இருந்தால், பெரும்பாலும் அதற்குள் இருக்கும் மைக்கைத்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு முதலில் தோன்றும் ஐயமும் இதுவே.

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'இன்புட்' என்ற இடத்திலோ ஆடாசிட்டியிலோ வேறு மைக் தேர்வாகியிருக்கலாம். அதை மாற்றுவது எளிது. மற்றொன்று பிளக்கைப் பற்றியது. அதன் உலோகத் தண்டில் உள்ள வளையக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று கோடுகள் இருந்தால் அது கைப்பேசிக்கான பிளக். அதில் மைக்கின் ஒலி தண்டின் அடிப்பகுதியில் வருகிறது, ஆனால் இளஞ்சிவப்புத் துளை அதை நுனியில் எதிர்பார்க்கிறது. எனவே எந்த அளவை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. கைப்பேசி பிளக்கை ஒரு முனையில் ஏற்று, மறுமுனையில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் ஒன்றைக் கைப்பேசி உதிரிப்பொருள் கடையில் கேட்டு வாங்குங்கள். தங்களுக்குத் தேவைப்படும் செலவு அநேகமாக அவ்வளவுதான்.

அடுத்தது தூரம். ஒரு முழம் தள்ளியிருக்கும் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டு வந்தால் தூரம் பாதியாகி, குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். மின்விசிறியின் சத்தம் அதனுடன் சேர்ந்து கூடாது என்பதே இதில் உள்ள லாபம். மென்பொருளில் எதைக் கூட்டினாலும் இந்த லாபம் கிடைக்காது, ஏனெனில் அது குரலையும் இரைச்சலையும் ஒருசேரத்தான் பெருக்கும். காலர் மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே, சேலைத் தலைப்பு மூடாமலும் சங்கிலி உரசாமலும் பொருத்துங்கள். வளவிலோ (வீட்டின் உள்முற்றம்) பட்டாலையிலோ (கூடம்) உட்கார வைத்துப் பதிவு செய்ய வேண்டாம். வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் பார்க்க எவ்வளவு அழகோ, ஒலிப்பதிவுக்கு அவ்வளவு பகை. குரல் அவற்றில் பட்டுத் திரும்பி எதிரொலிக்கும். மெத்தையும் துணிமணிகளும் அடைந்து கிடக்கும் சிறிய அறையே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் சன்னமாக இருந்தால், விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' சென்று, 'ரெக்கார்டிங்' பகுதியில் தங்கள் மைக்கைத் திறந்து, 'லெவல்ஸ்' என்பதைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோஃபோன் பூஸ்ட்' இருந்தால் முதலில் 10 டெசிபல் வையுங்கள், போதாவிட்டால் 20. முப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அது மின்னழுத்தத்தை 30 மடங்குக்கு மேல் பெருக்குவதால், பாட்டின் இடைவெளிகளில் எல்லாம் 'உஸ்' என்ற ஓசை நிரம்பிவிடும். அப்பத்தா உச்சத்தில் பாடும்போது ஆடாசிட்டியின் பட்டை -12க்கும் -6க்கும் இடையே எட்டினால் போதும். 0வைத் தொட்டால் ஒலி சிதையும்; சிதைந்ததைச் சீராக்குவது கடினம்.

அளவு தானாகக் குறைவது வீடியோ கால் செயலியின் வேலை. மைக்கின் அளவைத் தானே சரிசெய்யும் தேர்வை அச்செயலியின் ஆடியோ அமைப்பில் நீக்கிவிட்டு, பதிவின்போது செயலியை முழுமையாக மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே பதிவானவற்றை அழித்துவிட வேண்டாம். மூலக்கோப்பின் நகல் ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, குரல் இல்லாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கருவிக்கு இரைச்சலின் மாதிரியாகக் கொடுங்கள். பிறகு முழுப் பதிவிலும் அதை மிதமாகச் செலுத்தி, கடைசியில் 'ஆம்ப்ளிஃபை' என்ற கருவியால் ஒலியைக் கூட்டுங்கள். மிகுதியாகச் செலுத்தினால் குரல் தகரத்தில் தட்டியது போலாகிவிடும்.

கேள்வி: கோயில் விழாவுக்கு வாங்கிய மேடை மைக்கை அடாப்டர் போட்டுக் கணினியில் செருகினால் குரல் மிகக் குறைவாகவே கேட்கிறது. யூஎஸ்பி மைக் வாங்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: வாங்கலாம். மேடை மைக்குகளில் பெரும்பாலானவை டைனமிக் வகையைச் சேர்ந்தவை; அவை தரும் மின்குறிப்பு ஓரிரு மில்லிவோல்ட் அளவே இருப்பதால், கணினியின் சிறிய துளைக்கு அது போதாது. மேடை மைக்கையே பயன்படுத்த விரும்பினால் இடையில், மைக்கின் மின்குறிப்பைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி ஒன்று தேவைப்படும். யூஎஸ்பி மைக் ஒலியைத் தனக்குள்ளேயே எண்களாக மாற்றி அனுப்புவதால் அந்தத் துளையின் குறைகள் அதைத் தொடுவதில்லை. அதற்குப் பெரும்பாலும் 'பூஸ்ட்' தேர்வு தென்படாது. மைக்கின் உடலில் திருகு இருந்தால் அதைக் கொண்டும், இல்லையென்றால் விண்டோஸில் உள்ள அளவைக் கொண்டும் கூட்டிக்கொள்ளலாம்.