யாரைக் கேட்டாலும் 'கெட்டுப்போச்சு'!

கே: எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் எல்லாம் தேர்தல் வந்ததும் 'சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது' என்றே ஆரம்பிக்கிறார்களே, ஏன்? (வாசகர், விருதுநகர்)

ப: விலைவாசி என்றால் முதல்வர் டெல்லியைக் கை காட்டலாம். காவிரி என்றால் கர்நாடகம் இருக்கிறது. போலீஸுக்கு அப்படி யாரும் கிடையாது. அது மாநிலப் பட்டியலில் உள்ள துறை. இங்கே பெரும்பாலும் முதல்வரே கையில் வைத்திருக்கும் துறை. எங்கே கொலை விழுந்தாலும் நேராக அவர் பெயரைச் சொல்லியே திட்டலாம். 2018-ல் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக எடப்பாடி பழனிசாமி சொன்னார். அந்த ஒரு பேச்சு 2021 தேர்தல் மேடை வரை அவரைத் துரத்தியது. அப்புறம் காட்சி மாறியது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கு வந்ததும், அதே அ.தி.மு.க. 'யார் அந்த சார்?' என்று பதாகை பிடித்தது. தி.மு.க. அப்போது பதில் சொல்லும் இடத்தில் இருந்தது.

கே: ஒரே கொலை, சேனலுக்குச் சேனல் வேறு மாதிரி வருகிறதே? (வாசகி, மன்னார்குடி)

ப: பத்திரிகையில் பல வருடம் க்ரைம் பார்த்தவன் நான். வித்தியாசம் ஒரு வார்த்தையில்தான் இருக்கும். ஆளுங்கட்சிச் சேனலில் அது 'முன்விரோதம்'. எதிர்க்கட்சிச் சேனலில் 'பட்டப்பகலில் பயங்கரம்'. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை. 2001 ஜூன் 30-ம் தேதி அதிகாலையில் கருணாநிதி கைதானபோது, அவரைத் தூக்கிச் செல்லும் காட்சியைச் சன் டி.வி. திரும்பத் திரும்ப ஓட்டியது. ஜெயா டி.வி.யில் வேறு கதை. வீட்டில் ரிமோட் யார் கையில் இருந்ததோ, அவர் கட்சிதான் அன்றைக்கு நியாயம்.

கே: 'எங்கள் ஆட்சியில் குற்றம் குறைந்தது' என்று சதவீதம் சொல்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், திருப்பூர்)

ப: என் மைத்துனியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்; வழக்கு ஆகாது) ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "பார்க்கலாம்மா, போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று தடவை ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்த பிறகே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவது பதிவான வழக்குகளைத்தான். அவள் மூன்றாவது தடவை போகாமல் இருந்திருந்தால் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை. இன்னொன்று: பெண்கள் துணிந்து வந்து புகார் கொடுக்கும் ஊரில் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த ஊரைக் கெட்ட ஊர் என்று மேடையில் பேசிவிடுவார்கள்.

கே: தேர்தல் நேரத்தில் போலீஸ் யார் பேச்சைக் கேட்கும்? (வாசகர், காரைக்குடி)

ப: சட்டப்படி, தேர்தல் பணியில் உள்ள போலீஸார் அறிவிக்கை நாளிலிருந்து முடிவு வரும்வரை தேர்தல் ஆணையத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நடைமுறைக்கு, ஓட்டு எண்ணும் நாளில் பதினொரு மணிவாக்கில் யார் வீட்டு வாசலில் பாதுகாப்பு கூடுகிறது என்று டி.வி.யில் பாருங்கள்.