கரன்ட்டை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக, மல்லாந்து படுத்திருக்கும் 3 மாதக் குழந்தை கால் உதைப்பதுபோல ஒரு ரோபோ கால் செய்கிறோம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் ஹாபி சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்). வீடியோவிலிருந்து கோணங்களை எடுத்து புரோகிராமில் கொடுத்தும் பொம்மைபோலத்தான் ஆடுகிறது. கோணங்களை இன்னும் துல்லியமாக எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், கோணத்தில் கோளாறு இல்லை. கரன்ட்டை நிறுத்திவிட்டு, காலைக் கையால் தூக்கி விடுங்கள். தொப்பென்று விழாமல் பாதியில் நின்றால், அதுதான் உங்கள் பிரச்சினை. சர்வோவுக்குள் இருக்கும் கியர்கள் மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. காலின் எடையும் புவியீர்ப்பும் அசைவுக்குள் வரவே முடிவதில்லை.

குழந்தை அப்படி உதைப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 1980-களில் தசைகளின் மின்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார். காலை மடக்கும்போதுதான் தசை வேலை செய்கிறது. நீட்டும்போது பெரும்பாலும் சும்மா இருக்கிறது. எடையும் தசைநார்களின் இழுவிசையும் காலைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. மடக்கும் கணத்துக்கு மட்டும் கட்டளை கொடுத்தால் போதும், மிச்சத்தைக் காலே பார்த்துக்கொள்ளும்.

சர்வோவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மூட்டுகளில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, சிறு பேரிங்கும் மெல்லிய ஸ்பிரிங்கும் போடுங்கள். ஒரே நைலான் கயிற்றை இடுப்புக்கு முன்பக்கமாகவும் முழங்காலுக்குப் பின்பக்கமாகவும் ஓடவிட்டு, உடல் பகுதியில் பொருத்திய சர்வோவால் சுண்டி இழுங்கள். இரண்டு மூட்டும் சேர்ந்தே மடங்கும். இந்த வயதுக் குழந்தைக்கும் அப்படித்தான். இழுத்ததும் சர்வோ சட்டென்று திரும்பிக் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தாமதித்தால் கால் விழாது, இறக்கி வைத்ததுபோலத் தெரியும். ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தின் சிபி2 குழந்தை ரோபோவில் காற்றழுத்த இயக்கிகள் வைத்ததும் இந்த நெகிழ்வுக்காகத்தான். ஆனால் கம்ப்ரஸர் சத்தத்தை ஹாஸ்டல் அறையில் யார் பொறுப்பார்கள்?

அப்புறம், சரிபார்ப்பது. பிறந்த குழந்தையை நிமிர்த்திப் பிடித்தால் நடைபோடுவதுபோலக் காலை எடுத்துவைக்கும்; இரண்டு மாதத்தில் அதை நிறுத்திவிடும். மூளை வளர்வதால்தான் என்று நம்பியிருந்தார்கள். 1984-ல் தெலன் குழுவினர் கால் தண்ணீரில் மூழ்கும்படி குழந்தையைப் பிடித்தபோது நடை திரும்ப வந்தது. காலில் சிறு எடை கட்டியபோது குறைந்தது. பலத்தைவிடக் கொழுப்பு வேகமாகச் சேர்ந்ததுதான் விஷயம்.

அதையே உங்கள் காலிலும் செய்யுங்கள். கணுக்காலில் நாலைந்து நட்டுகளைக் கட்டி, புரோகிராமைத் தொடாமல் ஓடவிடுங்கள். உதையின் உயரமும் தாளமும் மாற வேண்டும். மாறாவிட்டால் எங்கோ கயிறு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. மூட்டுகளில் கலர் ஸ்டிக்கர் ஒட்டி, போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.