கெம்போங் குழம்பும் சிவந்த முகமும்

கேள்வி: காலைச் சந்தையில் ஒரு கிலோ கெம்போங் மீன் வாங்கினேன். வளர்ப்பு மீன் இல்லை, படகிலிருந்து நேராக வந்த கடல் மீன் என்றார் மீன்காரர். நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் குழம்பு வைத்தேன். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் கணவருக்கும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலை வலித்தது. மீன்காரரைக் கேட்டால், "மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்குத்தான் மீன் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார். கிளினிக் செலவை வாங்க முடியுமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இத்தனை நாள் ஒத்துக்கொண்ட மீன், இருவருக்கும் ஒரே வேளையில் ஒத்துக்கொள்ளாமல் போனதாமா? உங்கள் அறிகுறிகள் ஹிஸ்டமின் நஞ்சையே காட்டுகின்றன. கெம்போங், சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். ஐஸ் குறைந்து மீன் சூடேறியதும், செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் பெருகி அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதியில் பாக்டீரியா சாகும்; ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். ஒரே கூடையில் ஒரு மீனில் அது நிறைய இருக்கும், பக்கத்து மீனில் இருக்காது. அதனால் மற்றவர்கள் தப்பியது ஒரு சாட்சியே இல்லை.

கடல் மீன் என்பதும் காப்பு அல்ல. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ பாக்டீரியாவும் மீனோடு வீட்டுக்கு வரலாம். அது வெந்தால் செத்துவிடும். மீன் வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்கினால்தான் வயிறு போகும்.

மீன்மீது தண்ணீரை அள்ளித் தெளித்தால் பளபளக்கும், குளிராது. கையை மீனுக்கு அடியில் விட்டுப் பாருங்கள்: ஐஸ் தட்டுப்பட வேண்டும். வயிறு வெடித்த கெம்போங் வேண்டாம். ஹிஸ்டமினுக்கு வாடை இல்லை. சாப்பிடும்போது நாக்கில் மிளகுபோல் சுருக்கென்றால் தட்டை நகர்த்திவிடுங்கள். மீனை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போகும் பழக்கம் நமக்கும் உண்டு. அந்த நேரமும் கணக்கில் சேரும்.

இனி காசு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, உடல் பாதிப்புக்கான கோரிக்கையை அது விசாரிக்காது. மீன் விலையைக் கேட்கலாம். கிளினிக் செலவுக்கு நீதிமன்றம்தான். அந்த அலைச்சலுக்கு முன் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மிச்சக் குழம்பைக் கொட்டாமல் ஃப்ரீசரில் வையுங்கள். சந்தையில் ரசீது ஏது? கியூஆர் குறியீட்டில் பணம் கட்டியிருந்தால் கைப்பேசியில் உள்ள பதிவே ரசீது.