ஆட்டமே நடக்காத குளிர்காலத்தில் பேஸ்பால் ரசிகர்கள் எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள்?

கேள்வியைக் கொஞ்சம் விரித்தே கேட்டிருந்தீர்கள். கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்துவிட்டால் அடுத்த ஆட்டம் மார்ச் கடைசியில்தான். அதுவரை யாரைக் கொடுத்து யாரை வாங்கினார்கள் என்பதை வைத்தே மாதக்கணக்கில் பேசுகிறார்களே, ஒரு டிரேடில் எந்த அணிக்கு லாபம் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தெரிந்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

நான் 2015இலிருந்து பாஸ்டனுக்கு மேற்கே ஒரு ஊரில் இருக்கிறேன். முதல் மூன்று வருடம் பேஸ்பால் பக்கமே போகவில்லை. 2018இல் பாஸ்டன் அணியான ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்கள் ஜெயித்து, கோப்பையையும் வாங்கியபோது மாட்டிக்கொண்டேன். ஆனால் என்னை முழு ரசிகனாக்கியவை அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்கள்தான். இந்தப் பேச்சுக்கு இங்கே ‘ஹாட் ஸ்டோவ்’ என்று பெயர். பனிக்காலத்தில் கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிய காலத்துப் பெயர். எங்கள் அலுவலகத்தில் இருப்பது மைக்ரோவேவ். அதற்குப் பக்கத்து மேசையில் நாங்கள் மூன்று பேர்: வூஸ்டரில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், கனெக்டிகட்டிலிருந்து வரும், நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரசிகரான ஒரு யாங்கீஸ்காரர், தயிர் சாதத்தோடு நான்.

பெரியவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பெரிய டிரேடு நடந்தால் ஆளுக்கொரு சீட்டில் கருத்தை எழுதி, தேதி போட்டு, மடித்துக் கொடுக்க வேண்டும். அவர் அதை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். நம் வீடுகளில் ஊசி நூல் வைத்திருப்பார்களே, அதே நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பா. மூன்று வருடம் கழித்துத்தான் திறப்பார். “அன்னிக்கே சொன்னேன்” என்று யாரும் புளுகக் கூடாது என்பதற்காக.

சீட்டுகளுக்கு வருமுன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சண்டை புரியாது. ஒரு வீரர் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் ஆறு வருட சேவை முடிக்கும்வரை அணியின் பிடியில்தான் இருப்பார். முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவார். 2025இல் அது 7 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அடுத்த மூன்று வருடம் நடுவரிடம் போய்ப் பேரம் பேசலாம். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோ அப்படித்தான் யாங்கீஸை விட்டு அதே ஊரின் மெட்ஸுக்குப் போனார், 15 வருடத்துக்கு 76 கோடியே 50 லட்சம் டாலர். எங்கள் யாங்கீஸ்காரர் அந்த வாரம் மேசைக்கே வரவில்லை.

ஆக, டிரேடில் ஆள் கைமாறும்போது அந்த ஆளின் மிச்ச வருடங்களும் சேர்ந்து கைமாறுகின்றன. ஒரு வருடம் பாக்கியுள்ள நட்சத்திரத்துக்கு ஆறு வருடம் பாக்கியுள்ள பொடியன் சமமா என்பதுதான் தகராறே. பொடியன் இன்னும் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் இருப்பான், அவனை முழுதாகப் பார்த்தவர்கள் சிலர்தான். சென்னை ரசிகர்களுக்கு இது இப்போது புரியும். 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியபோது உங்கள் வாட்ஸப் குழுக்கள் எப்படிக் கொதித்தன? அதை 30 அணிகளால் பெருக்கி, வருடா வருடம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர்கள் தாங்களே போடும் திட்டங்கள் தனி நகைச்சுவை. தங்கள் அணியில் யாருக்கும் வேண்டாத மூன்று பேரைக் கொடுத்துவிட்டு எதிரணியின் முதல் தர பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, கேட்பார்கள். ஓட்டை ஈயம் பித்தாளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவுவார்களே, அந்த வியாபாரத்தில்கூட இதைவிட நியாயம் இருந்தது. நானும் இதைச் செய்திருக்கிறேன்.

சரி, சீட்டுகள். நான் எழுதிய முதல் சீட்டு 2020 பிப்ரவரி, மூக்கி பெட்ஸ் போன நாள். (அம்மாவிடம் போனில் சொன்னபோது, “மூக்கியா? இது என்னடா பேரு?” என்று சிரித்தது தனிக்கதை.) பெட்ஸ் யார் என்றால், பாஸ்டன் தானே 2011இல் புதுமுகத் தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுத்து வளர்த்த பிள்ளை, 2018இல் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) மிகச் சிறந்த வீரர். ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரே ஒரு வருடம்தான் பாக்கி. அணியின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரி உண்டு. அந்த வருட வரம்பு 20 கோடியே 80 லட்சம் டாலர். அதற்குக் கீழே இறங்குவதற்காக, பெட்ஸோடு டேவிட் பிரைஸ் என்ற விலை உயர்ந்த பிட்சரையும் சேர்த்து லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தள்ளினார்கள். பிரைஸுக்குப் பாக்கியிருந்த 9 கோடியே 60 லட்சத்தில் பாதியைப் பாஸ்டனே கட்டவும் செய்தது. பெண்ணைக் கொடுத்து மொய்யும் எழுதியது போல. பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். முதலில் மினசோட்டாவும் சேர்ந்த மூவணி டிரேடாகத்தான் பேசினார்கள். அங்கிருந்து வரவிருந்த பிட்சரின் மருத்துவ அறிக்கையைப் பார்த்துப் பாஸ்டன் பின்வாங்கியதால் அது உடைந்து இப்படி முடிந்தது.

என் சீட்டில் நான் எழுதியது: “ஒரு வருடம்தான் மிச்சம். சும்மா போகிறவருக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். வரியும் மிச்சம். புத்திசாலித்தனம்.” அந்த வரி மிச்சத்தில் எனக்கு ஒரு டாலர் வரப்போவதில்லை. ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் பியர் விலைகூடக் குறையவில்லை. ஆனாலும் முதலாளியின் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கின் பெரிய வியாதியே இதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு குளிர்காலம் போதும், உங்களை அறியாமல் ரசிகனின் நாற்காலியிலிருந்து எழுந்து மேலாளரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள்.

2023 பிப்ரவரியில் டப்பாவைத் திறந்தோம். அதற்குள் பெட்ஸ் டாட்ஜர்ஸோடு 12 வருடத்துக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டு, 2020 கோப்பையும் வாங்கியாகிவிட்டது. டவுன்ஸைப் பாஸ்டன் இரண்டு மாதம் முன்புதான் கழற்றிவிட்டிருந்தது. (வெர்டுகோ அந்த வருடக் கடைசியில் யாங்கீஸுக்கே போனார். பெட்ஸுக்கு 2024, 2025இலும் கோப்பை.) என் சீட்டைப் படித்துவிட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சீட்டில் ஒரே வரி: “இனி யாரைப் பார்க்க நான் டிக்கெட் வாங்குவது?”

அப்படியானால் மனசு சொல்வதுதான் சரி, கணக்கு தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடுத்த சீட்டு கிறிஸ் சேல்.

2018 இறுதி ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் மச்சாடோவை வீழ்த்தி கோப்பையை முடித்து வைத்த பிட்சர் இவர். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு 14 கோடியே 50 லட்சம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு உடம்பு உடைய ஆரம்பித்தது. 2020இல் முழங்கை அறுவை சிகிச்சை, அந்த வருடம் ஒரு ஆட்டமும் இல்லை. 2022இல் விலா எலும்பு, அப்புறம் பந்து பட்டு விரல், அப்புறம் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு. அந்த வருடம் மொத்தமே இரண்டு ஆட்டம். 2023 டிசம்பர் 30 அன்று அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பி, கூடவே 1 கோடியே 70 லட்சம் டாலரும் கொடுத்து, வான் கிரிஸம் என்ற இளம் செகண்ட் பேஸ்மேனை வாங்கினார்கள். மூன்று பேருமே சந்தோஷமாக எழுதினோம். மனசும் கணக்கும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நாள். என் சீட்டில், “கண்ணாடிப் பாத்திரத்தை வேறு யாராவது தூக்கிக்கொண்டு நடக்கட்டும்.”

சேல் 2024இல் 18 வெற்றி, 3 தோல்வி, 225 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க விடாமலே வெளியேற்றுவது) எடுத்து நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். கிரிஸம் தொடைத் தசை பிடித்து, அந்த வருடம் பாஸ்டனுக்கு 31 ஆட்டம் ஆடி, பத்து முயற்சிக்கு இரண்டுகூடத் தேறாமல் .190 அடித்தார். மூன்று வருட விதியைத் தளர்த்தி இந்தச் சீட்டை மட்டும் அந்த நவம்பரிலேயே திறக்க வேண்டும் என்று யாங்கீஸ்காரர் ஒற்றைக் காலில் நின்றார். திறந்தோம். அவரும் அதையேதான் எழுதியிருந்தார் என்பதை வசதியாக மறந்துபோயிருந்தார்.

அன்றைக்குப் பேச்சுவாக்கில் நான் ஒரு வீரரைப் ‘பொருள்’ என்று சொல்லிவிட்டேன். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. கர்ட் ஃபிளட் கதையை எடுத்தார். கார்டினல்ஸில் 12 வருடம் ஆடிய அவுட்ஃபீல்டரை 1969இல் கேட்காமல் கொள்ளாமல் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். தன்னை விற்று வாங்கும் பண்டமாக நடத்தக் கூடாது என்று அவர் போக மறுத்து வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போயிற்று. அதற்குப் பிறகுதான், லீக்கில் பத்து வருடமும் ஒரே அணியில் கடைசி ஐந்து வருடமும் முடித்தவர் டிரேடை மறுக்கலாம் என்ற விதி வந்தது. சேலுக்கு அந்த உரிமை இருந்தது. அவராகச் சம்மதித்துத்தான் அட்லாண்டா போனார். பெட்ஸை யாரும் கேட்கவில்லை.

இனி டப்பாவில் தூங்குவது கேரட் குரோஷே என்ற பிட்சரின் சீட்டு, 2024 டிசம்பர். இதில்தான் நான் வசமாக மாட்டியிருக்கிறேன். அந்தக் கோடையின் கடைசியில், பாஸ்டனின் மைனர் லீக் அணி ஆடும் வூஸ்டர் மைதானத்தில் கைல் டீல் என்ற கேட்சரைப் பார்த்து மயங்கியிருந்தேன். 2023இல் பாஸ்டன் முதல் சுற்றில் எடுத்த பையன், வேலிக்கு மிக அருகில் உட்கார்ந்து பார்த்தேன். ரசிகனுக்கு இது ஆபத்து. மைனர் லீக்கில் கண்ணால் பார்த்துவிட்ட பையனை மனசு தத்தெடுத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து அவனையும் பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மெய்ட்ராத், விக்கெல்மன் கொன்சாலெஸ் ஆகியோரையும் கொடுத்து, அந்த வருடம் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து குரோஷேயை வாங்கினார்கள். அதுவரை ஒரே ஒரு சீசன்தான் ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்குபவராக, வீசிய பிட்சர். டீலை டீலில் விட்டுவிட்டார்களே என்று நான் சீட்டின் இரண்டு பக்கமும் எழுதித் தீர்த்தேன். இந்த முறை கணக்குப்பிள்ளையாக இருக்கக் கூடாது என்ற வீம்பு வேறு.

குரோஷே 2025இல் 18 வெற்றி, 5 தோல்வி, 255 ஸ்ட்ரைக் அவுட். மூன்று வருடமாகக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றைப் பார்க்காத ரெட் சாக்ஸ் 89 ஆட்டம் ஜெயித்து உள்ளே போனது. யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் ஏழே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைய நின்று 11 பேரைத் தூக்கி ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த இரண்டிலும் தோற்று வெளியே வந்தோம் என்பதை யாங்கீஸ்காரர் இந்தப் பதிலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், சேர்த்துவிட்டேன்.

டீலும் 2025 ஜூனில் சிகாகோவுக்காக ஆட வந்துவிட்டார், நன்றாகவே அடிக்கிறார். ஒவ்வொரு முறை அவர் ஹோம் ரன் அடிக்கும்போதும் யாங்கீஸ்காரர் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார், ஆறுதலாம். டப்பா திறக்கும் நாள் 2027 டிசம்பர். பெரியவர் அதற்கு முன்பே ஓய்வு பெறுகிறார். டப்பாவை என்னிடம் தருவதாகச் சொன்னார், யாங்கீஸ்காரர் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.