சுவர் மட்டும் நின்றால் போதுமா?

பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதையே 30 ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட கட்டடப் பொறியாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: தாத்தா கட்டிய வீடு. கீழ்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வேலையை ஆரம்பிக்கச் சொல்லும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அது அதன் இயல்பு. சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. அப்போது ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கும். சுவர் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். சிமெண்ட் வளையாமல் வெடிக்கும். வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே போகும், ஆனால் எளிதில் வெளியே வராது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு பழைய சுவருக்கு சிமெண்ட் பூச ஒப்புக்கொண்டேன். இரண்டு வருடம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது மழைக்காலத்தில் பூச்சு தகடு தகடாகக் கழன்று விழுந்தபோது, செங்கல்லின் முன்பக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 100 வருடத்துக்கு மேல் நின்ற சுவர் அது. அந்தச் செங்கல் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தது இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளம், மேலே மேலே போட்டு உயர்ந்துவிட்ட சாலை, பெரும்பாலும் இவைதான். அதைச் சரிசெய்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசுங்கள். அவசரம் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாக இறுகும். பூசிய முதல் சில நாட்கள் ஈரச்சாக்கு கட்டி வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளையடியுங்கள், போதும்.

கேள்வி: எங்கள் நகரத்தின் பழைய பகுதியை அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். எங்கு பார்த்தாலும் விடுதிகள், காபிக்கடைகள். முன்பு குடியிருந்தவர்களைத்தான் காணோம். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

பதில்: கட்டடங்களைப் பாதுகாத்தார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஊரைப் பாதுகாத்தார்கள் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரான்ஸில் 1962-இல் பண்பாட்டு அமைச்சர் மால்ரோவின் பெயரால் வழங்கும், பழைய நகர்ப்பகுதிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. அதனால் பாரிஸின் மாரே பகுதி மாளிகைகள் பிழைத்தன. ஆனால் அவற்றின் முற்றங்களில் இருந்த சிறு பட்டறைகளும் ஏழைக் குடும்பங்களும் அங்கே நீடிக்க முடியவில்லை. மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இன் தொடக்கத்தோடு முடிந்தது. தலைமுறைகளாக இருந்த வாடகைக்காரர்கள் பலர் கிளம்பினார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த நகரம் சேர்ந்தது 2008-இல்தான்.

வேறு மாதிரியும் செய்ய முடியும். இத்தாலியின் பொலோன்யா நகராட்சி 1970-களில் மையப்பகுதியின் பழைய தொழிலாளர் வீடுகளைப் பழுதுபார்த்தபோது, வீட்டோடு சேர்த்து ஆட்களையும் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது. கட்டடக் கலைஞர் செர்வெல்லாத்தி அதில் முன்னின்றார். வீடுகளைக் கையகப்படுத்தும் யோசனைக்கு எதிர்ப்பு வந்ததும், உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள்: பழுதுபார்க்க நகராட்சி உதவும், பதிலுக்கு வாடகையை ஏற்றக்கூடாது. குறையே இல்லாத திட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சரியான கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: இந்த வீட்டில் நாளைக்கு யார் இருப்பார்?

இதில் தொழில் சார்ந்த காரணமும் இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓடு நகர்ந்தால் அன்றே தெரியும், சொட்டும் இடத்தில் அன்றே பாத்திரம் வைப்பார்கள். பூட்டிய வீட்டில் அதே ஒழுகலை யாராவது பார்ப்பதற்குள் உத்தரம் உளுத்துவிடும்.

கேள்வி: முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் அடுக்குமாடி கட்டுகிறார்களே?

பதில்: உள்ளே படிக்கட்டு, முற்றம், மரவேலை எல்லாம் போனபின் நிற்பது வெறும் திரைச்சீலை. பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படும்படி வைத்திருப்பது நல்லது, அதற்காக அதன் உள்ளமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக்கூடாது என்று, பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வல்லுநர்கள் வகுத்த சர்வதேச நெறிமுறையான 1964-இன் வெனிஸ் சாசனமே சொல்கிறது.

கேள்வி: என் கட்டடத்தைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பக்கத்து மனைக்காரர் 10 மாடி கட்டுகிறார், நான் கட்ட முடியாது. ஊரின் பெருமைக்கு நான் மட்டும் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பட்டியல் போட்டதோடு கடமை முடிந்தது என்று ஒதுங்கும் நிர்வாகங்கள்தான் பழைய வீடுகளுக்கு எதிரிகளை உண்டாக்குகின்றன.

நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியது பெரிய அதிர்ச்சியை ஏற்படுத்தியது. 1965-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரக் கட்டடம் எழுப்ப அனுமதி கிடைக்காமல், உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978-இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பானது. அங்கே கட்ட முடியாமல்போன பரப்புக்கான உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. உங்கள் நகரத்திலும் அப்படி உரிமையை மாற்றவோ விற்கவோ விதி இருக்கிறதா, வரிச்சலுகை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால், உங்களைப்போல் பட்டியலில் உள்ள மற்ற உரிமையாளர்களோடு சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பணமோ பதவியோ இல்லாத நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அளந்து வரையுங்கள். இரண்டாம் உலகப் போரில் போலந்தின் தலைநகர் வார்சாவின் பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அதை மீண்டும் கட்ட முடிந்ததற்கு, போருக்கு முன்பு கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் வீடு வீடாக அளந்து வரைந்த தாள்களும் ஒரு காரணம். போர்க்காலத்தில் அந்தத் தாள்களை நகரத்துக்கு வெளியே கடத்தி ஒளித்துவைத்தார்கள். அந்தப் பழைய நகரம் 1980-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

உங்களுக்கு வேண்டியது ஒரு டேப், ஒரு நோட்டு, துணைக்கு ஒரு தோழி. ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் அகலம், படியின் உயரம், சன்னல் கம்பியின் வடிவம், எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்றும் அவர்கள் அனுமதியோடு கேட்டு எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.