வாசகர் கேட்டவை: அசோக் நகரில் ஒரு மாலை ஆட்டம்

கோலார் தங்கவயலிலிருந்து 10 வயது மகனோடு வந்து, அசோக் நகர் ஸ்டேடியத்தில் பெங்களூரு சூப்பர் டிவிஷன் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியுமா?
*வாசகர், ராபர்ட்சன்பேட்டை*

தாராளமாக. ஆனால் ஞாயிறுதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். இந்த ஆட்டங்களை வார நாளிலும் வைப்பார்கள். உங்கள் பாதையில் ஞாயிறன்று ஓடாத ரயில் வண்டிகளும் உண்டு. கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கத்தின் சமூக ஊடகப் பக்கத்தை முந்தின நாள் இரவு ஒரு முறை, கிளம்பும் காலையில் ஒரு முறை பாருங்கள். உள்ளூர் லீகுகளில் அட்டவணை மாறுவது சகஜம்.

வரும்போது கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, பக்கத்திலேயே உள்ள மெட்ரோவில் ஏறுங்கள். பர்ப்பிள் லைனில் ஏழாவது நிறுத்தம் எம்.ஜி. ரோடு. அங்கிருந்து ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் உள்ள கருடா மால் வணிக வளாகத்தைக் குறி வைத்து நடந்தால், பையனின் நடைக்கு இருபது நிமிடம். மாலிலேயே கழிப்பறை வேலையை முடித்துவிடுங்கள். ஸ்டேடியத்தில் இருப்பதை நம்ப வேண்டாம்.

திரும்பும் கணக்குதான் பலருக்குத் தப்புகிறது. இரண்டு பாதிக்கு 90 நிமிடம், இடைவேளை 15, காயத்துக்கான கூடுதல் நேரம் ஒரு 8 என்று வையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதம், வீரர் பதிவுத் தாள் சரிபார்ப்பு என்று அரை மணி நேரம் தள்ளிப்போவதும் உண்டு. ஆக 3.30 ஆட்டம் 6 மணிக்குத்தான் முடியும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 7.15-க்கு முந்தைய வண்டியை நம்பி வராதீர்கள். கிருஷ்ணராஜபுரத்தில் சாயங்காலம் ஏற நினைத்தால் கால் வைக்க இடம் இருக்காது. எம்.ஜி. ரோட்டிலிருந்து எதிர்த்திசையில் நாலு நிறுத்தம் போனால் மெஜஸ்டிக். சிட்டி ஸ்டேஷனிலிருந்தே புறப்படும் வண்டி என்றால் அங்கே ஏறி உட்கார்ந்தே போகலாம்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?
*வாசகி, அல்சூர்*

மேற்குப் பக்கம், சூரியனுக்கு முதுகு காட்டி. கிழக்கில் உட்கார்ந்தால் இரண்டாம் பாதி முழுக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். குடை விரிக்காதீர்கள், பின்னால் இருப்பவர் விரட்டுவார், தொப்பி போதும்.

தரை செயற்கைப் புல். பந்து விழும் இடத்தில் கறுப்பாக ரப்பர் துகள் தெறிப்பதைப் பார்க்கலாம். வெயிலில் இது இயற்கைப் புல்லைவிட அதிகம் சுடும். மதிய ஆட்டத்தில் வீரர்கள் சீக்கிரம் களைப்பது இதனால்தான். சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரியும்; அதனால் பழக்கமானவர்கள் சறுக்கி மறிப்பதைத் தவிர்த்து நின்றே பந்தைப் பறிக்கப் பார்ப்பார்கள்.

ரீப்ளே கிடையாது. ஆஃப்சைடை எப்படிப் பிடிப்பது?
*வாசகர், ஆஸ்டின் டவுன்*

சக வீரர் பந்தைக் கொடுக்கும்போது, எதிரணியின் பாதியில் பந்தையும் அந்த அணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நின்று ஆட்டத்தில் கலந்தால் ஆஃப்சைடு. அதனால் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட விடாதீர்கள். கோல்கோட்டுக்குப் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் தடுப்பு அணிக்காரர் யார் என்று பாருங்கள். கோல்கீப்பர் தன் இடத்திலேயே இருந்தால் அது கடைசித் தடுப்பாட்டக்காரர். அவருக்கு நேராகத்தான் லைன்ஸ்மேன் பக்கக்கோட்டில் ஓடிக்கொண்டிருப்பார். நீங்களும் அந்த நேர்கோட்டுக்கு அருகில் உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கணக்கு எடுக்க வேண்டிய கணம், சக வீரரின் கால் பந்தைத் தொடும் கணம்; பந்து போய்ச் சேரும் கணம் அல்ல. கேலரியில் எழும் கூச்சல் முக்கால்வாசி இந்தக் குழப்பத்தில்தான்.

கொடி முதலில் நேராக மேலே போகும். ரெஃப்ரீ விசில் ஊதியதும் லைன்ஸ்மேன் அதை இறக்கிக் காட்டுவார்: சாய்வாக மேல்நோக்கி என்றால் தூரத்துப் பக்கத்து வீரர், கிடையாக என்றால் நடு, கீழ்நோக்கி என்றால் அவர் நிற்கும் பக்கம். த்ரோ-இன், கோல் கிக், கார்னரிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடே கிடையாது. த்ரோ-இன்னுக்கு ஆஃப்சைடு கேட்டுக் கத்துபவர் பக்கத்தில் இருந்தால், பாவம், விட்டுவிடுங்கள்.

தமிழருக்கு இங்கே ஆதரிக்க யார்?
*வாசகர், கௌதம்புரா*

நீங்களே இதைக் கேட்கலாமா? உங்கள் தெருவிலேயே பெலேவுக்குச் சிலை இருக்கிறது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய அருமைநாயகம் பெங்களூரு தந்த ஆட்டக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றோம்; இரண்டு பெனால்டியை வீணடித்தோம் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல். இன்றைக்குப் பார்க்க, அல்சூரின் எம்.இ.ஜி., அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் அணி ஆடும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மழை வந்தால்?
*வாசகி, சிவாஜி நகர்*

தூறலுக்கு நிறுத்த மாட்டார்கள். செயற்கைப் புல்லில் தண்ணீர் சீக்கிரம் வடியும். இடி மின்னல் என்றால் ரெஃப்ரீ எல்லோரையும் உள்ளே அனுப்புவார். ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் இது நடக்கும். உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஆட்டம் கைவிடப்பட்டது என்று மைதானத்தில் சொல்லும் வரை கூரைக்கடியில் நில்லுங்கள்.